"லோலிடா உடையை உருவாக்கிய படம்" என்று ஒரு புளுகு: சிமோட்சுமா மோனோகதாரி பற்றி

ஊசிக்காது:

சினிமா பகுதியில் திரைப்பித்தன் தம்பி நேற்று ஒரு விமர்சனம் போட்டிருந்தார். அதில் ஒரு வரி: "ஜப்பானில் இன்று நாம் பார்க்கும் லோலிடா உடையை உருவாக்கித் தெருவில் நடக்கவிட்டது 2004-ல் வந்த சிமோட்சுமா மோனோகதாரிதான்." அங்கேயே பதில் எழுதியிருப்பேன். ஆனால் கீழே வரிசையாக "அருமை நண்பரே", "கலக்கிட்டீங்க" என்று போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் என் குரல் கேட்காது. அதனால் தனி இழை.

படம் பார்க்காதவர்களுக்கு: டோக்கியோவுக்கு வடக்கே இபராகி மாகாணத்தில் சிமோட்சுமா என்று வயல்கள் சூழ்ந்த ஒரு ஊர். அங்கே மோமோகோ என்ற பள்ளி மாணவி. ஊரே ஜஸ்கோ சூப்பர்மார்க்கெட்டில் துணி வாங்கிப் பெருமைப்பட்டுக்கொள்ள, இவள் மட்டும் லேஸும் ஃபிரிலும் வைத்த கவுன், தலைக்கு பானெட், கைக்குக் குடை என்று முழு லோலிடா உடையில் வரப்பில் நடக்கிறாள். பிரான்சின் ரொக்கோக்கோ காலத்தில் (18-ம் நூற்றாண்டின் ஆடம்பர அலங்காரக் காலம்) பிறந்திருக்க வேண்டியவள் என்று அவளுக்கு நினைப்பு. இச்சிகோ என்ற வண்டியோட்டும் ரவுடிப் பெண் வந்து ஒட்டிக்கொள்கிறாள். கியோகோ ஃபுகாடாவும் அன்னா ட்சுச்சியாவும் நடித்தது, டெட்சுயா நகாஷிமா இயக்கியது. வெளிநாடுகளில் 'காமிகாஸே கேர்ள்ஸ்' என்று வந்தது. நல்ல படம், அதில் எனக்குத் தகராறே இல்லை.

தகராறு எங்கே என்றால், மோமோகோ ரயில் மாறி மாறி டோக்கியோவின் டைகன்யாமாவுக்குப் போய்த் துணி வாங்குகிறாளே, அந்தக் கடை கதைக்காகக் கட்டிய செட் பெயர் இல்லை. 'பேபி, தி ஸ்டார்ஸ் ஷைன் பிரைட்' என்பது நிஜக் கம்பெனி. அகினோரி இசோபேயும் அவர் மனைவி ஃபுமியோவும் 1988-ல் ஆரம்பித்தது. படம் வருவதற்கு 16 வருடம் முன்னால். டோக்கியோவின் ஹராஜுகுவில் 'மில்க்' கடை 1970-லேயே வந்துவிட்டது. ஒசாகாவில் 'மெட்டமார்ஃபோஸ்' 1993. இந்த உடைக்கென்றே 'காதிக் அண்ட் லோலிடா பைபிள்' என்று தனிப் பத்திரிகை 2001-ல் வந்தாயிற்று.

நான் தையல் தொழில் செய்பவள். எனக்கு ஒரே கேள்விதான். படத்தில் அவள் உடுத்தியிருக்கும் கவுன் யாருடையது?


திரைப்பித்தன்:

வாங்க அக்கா. விமர்சனத்தில் எண்பது வரி எழுதினேன். வண்ணம், வெட்டு, யோகோ கன்னோவின் இசை எல்லாம் எழுதினேன். உங்கள் கண்ணில் பட்டது ஒரே வரி. ஊசிக்காது என்று பெயர் வைத்தால் பார்வையும் அந்த அளவுக்குத்தான் இருக்கும் போல.

1988-ல் கடை இருந்தது, சரி. யாருக்குத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை ஹராஜுகு ஜிங்கு பாலத்தில் நிற்கும் சில பெண்களுக்கும், அவர்களைப் படமெடுக்க வந்த கேமராக்காரர்களுக்கும் தெரியும். ஃபுகாடா அப்போதே வீட்டுக்கு வீடு தெரிந்த நடிகை. அவர் அந்த உடையைப் போட்டு முட்டைக்கோஸ் லாரியில் மோதி வானத்தில் பறந்த பிறகுதான் சாதாரண ஜப்பானியருக்கு அது ஒரு உடை என்றே பட்டது. அதுவரை ஏதோ பைத்தியம் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.


ஊசிக்காது:

நான் கேட்டது யாருக்குத் தெரியும் என்று அல்ல. கவுன் யாருடையது?


கறுப்புரோஜா:

ரெண்டு பேரும் மானாவை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள், வேடிக்கையாக இருக்கிறது. மாலிஸ் மிஸர் இசைக்குழுவின் கிட்டாரிஸ்ட் மானா மேடையில் கறுப்பு கவுனும் லேஸுமாக நின்றபோது இந்தப் படத்துக்குத் திரைக்கதையே கிடையாது. 1999-ல் 'ம்வா-மெம்-ம்வாட்டியே' என்று சொந்தக் கம்பெனியே தொடங்கினார். 'எலிகண்ட் காதிக் லோலிடா' என்று பெயர் வைத்ததும் அவர்தான். கச்சேரிக்குப் போன பெண்கள் அவரைப் போலவே உடுத்திக்கொண்டு போனார்கள். அங்கேயிருந்து தெருவுக்கு வந்தது. சினிமா இதில் எங்கே வந்தது?


திரைப்பித்தன்:

தம்பி, அது கறுப்பு. மோமோகோ போடுவது வெள்ளையும் இளஞ்சிவப்பும். இரண்டும் ஒன்றா?


கறுப்புரோஜா:

நான் தம்பி இல்லை, தங்கை. கறுப்பு என்றால் தம்பியா? நல்ல ஆராய்ச்சி.


பக்கம்புரட்டி:

லோலிடா என்று எதைச் சொல்கிறோம் என்று முதலில் பேசிவிட்டால் நல்லது. வெள்ளை, இளஞ்சிவப்பு இனிப்பு வகையா, கறுப்பு காதிக் வகையா, கிளாசிக் வகையா, எல்லாம் சேர்த்தா? இன்னொன்று: இந்தப் படம் நொவாலா டகேமோட்டோ 2002-ல் எழுதிய நாவலின் திரைவடிவம். இங்கே யாராவது நாவலைப் படித்திருக்கிறீர்களா?


ஊசிக்காது:

பக்கம்புரட்டி ஐயா, எல்லா இழையிலும் வந்து இதே கேள்வி கேட்கிறீர்கள். நாவல் 2002 என்றால் அதுவும் 1988-க்குப் பிறகுதான். என் கட்சிக்கே பலம். நன்றி.


நிஷிகசாய்வாசி:

டோக்கியோவில் வசிப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். யூடியூப் பார்த்துவிட்டு ஜப்பானைப் பற்றி அடித்துக்கொள்கிறீர்கள். ஹராஜுகுவில் ஞாயிற்றுக்கிழமை வண்டிகளை நிறுத்திவிட்டு நடப்பவர்களுக்கே விடும் தெரு ஒன்று இருந்தது. ஹோகோட்டென் என்பார்கள். 1998-ல் அதை நிறுத்தினார்கள். அதன் பிறகு உடுத்திக்கொண்டு வந்து நிற்பவர்களுக்கு ஜிங்கு பாலம்தான் இடம். ஷோயிச்சி ஆவோகி 'ஃப்ரூட்ஸ்' பத்திரிகைக்காக 1997-லிருந்தே இவர்களையெல்லாம் படமெடுத்துக்கொண்டிருந்தார். ஆக, திரைப்பித்தன் சொல்வது போல யாருக்கும் தெரியாத விஷயம் எல்லாம் இல்லை.


திரைப்பித்தன்:

டோக்கியோவில் நம்மவர்கள் நிறைந்த நிஷிகசாயில் இட்லி மாவு வாங்கப் போகிறவருக்கு 1998-ல் ஹராஜுகு எப்படி இருந்தது என்று தெரியுமா அண்ணா? அப்போது நீங்கள் ஜப்பானிலா இருந்தீர்கள்?


நிஷிகசாய்வாசி:

எப்போது வந்தேன் என்பது முக்கியம் இல்லை. எனக்கு ஜப்பான் மொழி தெரியும்.


வாலாட்டி:

நிஷிகசாயில் அதற்குத் தேவையே இல்லையே அண்ணாச்சி, தமிழும் இந்தியும் போதுமே.


ஊசிக்காது:

பேச்சை மாற்றாதீர்கள். விஷயத்துக்கு வருகிறேன். தையல் தெரியாதவர்கள் இந்த உடையைப் பார்த்தால் "ஃபிரில் வைத்த கவுன்" என்று முடித்துவிடுவார்கள். பேபி கம்பெனிக் கவுனை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மார்புப் பக்கம் மெல்லிசாகப் பின்டக் மடிப்பு, ஒன்றுக்கொன்று நூல் பிசகாமல். லேஸ் ஒரு சுற்றோடு விடுவதில்லை, துணியோடு சேர்த்துச் சுருக்கி அடுக்கடுக்காக வைத்திருப்பார்கள். பாவாடை இடுப்பிலிருந்து மணி மாதிரி விரிந்து நிற்க வேண்டும். தொங்கினால் போச்சு. அதற்கு உள்ளே தனியாக விறைப்பான உள்பாவாடை. பின்பக்கம் உடம்புக்குத் தக்கபடி விரிந்து கொடுக்கிற மாதிரி எலாஸ்டிக் சுருக்கு. ஒரு கவுன் 20,000 யென்னுக்குக் குறையாது. இதெல்லாம் ஒரு டைரக்டர் "ஆக்‌ஷன்" சொன்னதும் வந்துவிடுமா? வருடக்கணக்காக வெட்டித் தைத்துப் பார்த்து வந்த அளவு அது.

அந்த அளவை எடுத்துப் படத்தில் ஒரு பெண்ணுக்கு மாட்டினார்கள். கடன் வாங்கியவன் கொடுத்தவனுக்கே வழி காட்டினான் என்பீர்களா? மறுபடியும் கேட்கிறேன். கவுன் யாருடையது?


திரைப்பித்தன்:

அக்கா, கவுன் பேபியுடையது, பேபியுடையது, பேபியுடையது. மூன்று தடவை சொல்லிவிட்டேன். திருப்தியா? இப்போது நான் கேட்கிறேன். 1988-லிருந்து 2004 வரை அந்தக் கடை எத்தனை நாட்டில் கிளை திறந்தது? படம் வந்து இரண்டே வருடத்தில், 2006-ல் பாரிஸ். 2009-ல் சான் ஃபிரான்சிஸ்கோ. அந்த சான் ஃபிரான்சிஸ்கோ கடை எங்கே இருந்தது என்று தெரியுமா? ஜப்பான் டவுனில் 'நியூ பீப்பிள்' என்ற கட்டிடத்தில். அந்தக் கட்டிடத்தைக் கொண்டுவந்தவர் யார்? செய்ஜி ஹொரிபுச்சி. அவருடைய 'விஸ் பிக்சர்ஸ்' கம்பெனிதான் இந்தப் படத்தை அமெரிக்காவில் வெளியிட்டது. படத்தை விற்றவர் கட்டிடத்திலேயே படத்தில் வந்த கடை. மேலே கடை, கீழே தியேட்டர். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் உங்களுக்கு?


ஊசிக்காது:

அது வியாபாரம் தம்பி. மில்லியன் கணக்கில் மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதை விற்றவர் ஒரு கட்டிடம் கட்டினார், வாடகைக்கு ஒரு துணிக்கடை பிடித்தார். அந்தக் கடையில் விற்ற கவுன் யாருடையது?


வாலாட்டி:

டாஸ் போட்டால் பூவா தலையா என்று கேட்பது போல அக்கா எதைச் சொன்னாலும் "கவுன் யாருடையது" என்கிறார். வெயில் அடிக்கிறது அக்கா. "கவுன் யாருடையது?"


கறுப்புரோஜா:

😂😂

அக்கா சொல்வதில் பாதி சரி. ஆனால் பேபி மட்டும்தான் லோலிடா என்பது போலப் பேசுகிறார். அங்கேதான் எனக்குக் கடுப்பு. பைபிள் பத்திரிகை முதல் இதழிலிருந்தே உள்ளே தையல் பேட்டர்ன் வைத்துக் கொடுத்தது. காசில்லாத பெண்கள் அதை வெட்டி வீட்டிலேயே தைத்துக்கொண்டார்கள். தையல்காரியான உங்களுக்கு அதைச் சொல்லத் தோன்றவில்லை, 20,000 யென் கவுனைத்தான் சொல்லத் தோன்றியது.


ஊசிக்காது:

பைபிளை முதல் பதிவிலேயே சொல்லிவிட்டேன், படிக்கவும். பேட்டர்னைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கும் அளவுக்கு வந்துவிட்டாயா? போன மாதம் பின்னல் இழையில் நீ குரோஷாவையும் நிட்டிங்கையும் போட்டுக் குழப்பியதை எல்லோரும் பார்த்தோம்.


கறுப்புரோஜா:

அதை நீங்கள் இன்னும் விடவில்லையா! அந்த இழையை மூடியே ஆறு வாரம் ஆகிறது.


மட்டுறுத்துநர்:

பழைய இழைச் சண்டையை இங்கே கொண்டுவர வேண்டாம். தலைப்பில் பேசுங்கள்.


பக்கம்புரட்டி:

தலைப்பில்தான் பேசுகிறேன். என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. டகேமோட்டோ வெளியே நின்று இந்தப் பெண்களைப் பற்றி எழுதியவர் இல்லை. அந்த உடையை விரும்புகிறவர், அந்தக் கூட்டத்துக்கு வேண்டியவர். அவர் தந்த முக்கியமான விஷயம் கவுன் இல்லை, கவுனுக்குள் இருக்கும் திமிர். "எனக்குப் பிடித்ததை உடுத்துவேன், ஊர் என்ன நினைத்தால் என்ன, நண்பர்கள் வேண்டாம், வேலை வேண்டாம், அழகு மட்டும் போதும்" என்ற மனநிலை. மோமோகோவுக்கு அம்மா போய்விட்டாள் என்ற வருத்தமும் கிடையாது, அப்பா போலி வெர்சாச்சி விற்றார் என்ற வெட்கமும் கிடையாது. படம் பரப்பியது இதைத்தான். துணியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்.


திரைப்பித்தன்:

ஐயா, இதைத்தான் நானும் சொல்ல வருகிறேன்! அதுவரை இந்த உடை என்றால் பாலத்தில் கூட்டமாக நிற்கும் டோக்கியோப் பெண்கள். படம்தான் முதல் தடவையாக ஒரு கிராமத்துப் பெண்ணை, தன்னந்தனியாக, நெல்வயல் நடுவில் நிறுத்திக் காட்டியது. ஜப்பானில் எந்த மூலையில் இருந்த பெண்ணும் "டோக்கியோவில் இல்லாவிட்டாலும் நான் இப்படி உடுத்தலாம்" என்று நினைக்க ஒரு முகம் கிடைத்தது. பத்திரிகை கொடுத்தது பேட்டர்ன், படம் கொடுத்தது ஆள்.


ஊசிக்காது:

இப்போது "ஆள்" ஆகிவிட்டது. நேற்று "உடையை உருவாக்கியது" என்று எழுதினீர்கள். முதலில் உருவாக்கியது, அப்புறம் தெரியப்படுத்தியது, அப்புறம் கிளை திறந்தது, இப்போது முகம் கொடுத்தது. நாளைக்கு என்ன?


திரைப்பித்தன்:

நான் எழுதியது எழுதியதுதான். ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்.


ஊசிக்காது:

மாற்றாதீர்கள், நிலைத்து நிற்கட்டும். நான் படத்திலிருந்தே எடுத்துக்காட்டுகிறேன். படத்தில் மோமோகோவுக்கு இருக்கும் ஒரே உண்மையான திறமை என்ன? எம்பிராய்டரி. இச்சிகோவின் ரவுடிக் கோட்டில் பூ வேலை செய்ய "எம்மா" என்று ஒரு மாயக் கைக்காரியைத் தேடி டைகன்யாமா முழுக்க அலைகிறார்கள், அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. கடைசியில் மோமோகோவே ராப்பகலாகத் தைத்துக்கொடுக்கிறாள். அந்தக் கை வேலையைப் பார்த்துத்தான் பேபி முதலாளியே அவளிடம் ஒரு கவுனைக் கொடுத்து வேலை செய்யச் சொல்கிறார். அதாவது படத்துக்குள்ளேயே என்ன நடக்கிறது? தைக்கிறவளுக்குத்தான் மரியாதை. கேமராவுக்கு இல்லை. நகாஷிமாவுக்குப் புரிந்தது உங்களுக்குப் புரியவில்லை.


நிஷிகசாய்வாசி:

அக்கா சொன்னதில் ஒரு திருத்தம். முதலாளி முதலில் அவளைக் கவனிப்பது அவள் தொப்பியில் செய்திருந்த வேலையைப் பார்த்து. கோட்டைப் பார்த்து இல்லை.


ஊசிக்காது:

தொப்பியோ கோட்டோ, ஊசி வேலையைப் பார்த்துத்தானே? என் பேச்சுக்கு என்ன குறை?


வாலாட்டி:

தொப்பி யாருடையது என்று ஒரு இழை திறக்கலாமா?


கறுப்புரோஜா:

இன்னொன்று. எல்லோரும் மோமோகோ பின்னாலேயே போகிறீர்கள். படத்தின் உயிர் இச்சிகோ. அந்த நீளக் கோட்டு டொக்கோஃபுகு, வண்டி, காறித் துப்புவது, தலையால் முட்டுவது. அதற்கும் ஜப்பானில் ஒரு தெரு உடைப் பரம்பரை இருக்கிறதே, ரவுடிக் கூட்டத்தின் யாங்கீ. அதற்கு இந்தப் படம் என்ன செய்தது என்று யாராவது பேசுகிறீர்களா? ஃபிரில் வைத்தால்தான் ஃபேஷனா?


திரைப்பித்தன்:

அதற்கு ஒன்றும் செய்யவில்லை. அது 70, 80-களிலேயே உச்சத்துக்குப் போய்விட்ட சமாச்சாரம். 2004-ல் அது கிராமத்துப் பழசு, கேலிக்கு உரியது. படமே அதை அப்படித்தான் காட்டுகிறது.


கறுப்புரோஜா:

கேலியா? அன்னா ட்சுச்சியாவுக்கு அந்த வேடத்துக்குப் பரிசு மேல் பரிசு வந்தது. இச்சிகோதான் கடைசியில் பேபி உடை போட்டு மாடலாக நிற்கிறாள், ஞாபகம் இருக்கிறதா? ரவுடிப் பெண்ணுக்கு ஃபிரில் மாட்டிவிட்டார்கள். எனக்கு அந்தக் காட்சியே பிடிக்கவில்லை.


ஊசிக்காது:

அந்த மாடல் காட்சியில் இச்சிகோ போட்டிருக்கும் கவுன் யாருடையது?


மட்டுறுத்துநர்:

ஊசிக்காது அவர்களே, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பதும் இழையைக் கெடுப்பதுதான்.


ஊசிக்காது:

பதில் வந்தால் நிறுத்துகிறேன். "படம் உடையிடமிருந்து எடுத்தது" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், போய்விடுகிறேன்.


திரைப்பித்தன்:

எழுத மாட்டேன். எடுத்தது உண்மையே என்றாலும் எடுத்ததைவிடப் பத்து மடங்கு திருப்பிக் கொடுத்தது. ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் 2009-ல் 'கவாயீ தூதர்கள்' (கவாயீ என்றால் செல்ல அழகு) என்று மூன்று பெண்களை அறிவித்து உலகம் முழுக்க அனுப்பியது. அதில் ஒருவர் லோலிடா மாடல் மிசாகோ ஆவோகி. அரசாங்கமே லேஸ் கவுனைத் தேசியச் சின்னம் மாதிரி தூக்கிக்கொண்டு போனது. 2004-க்கு முன்னால் இது நடந்திருக்குமா? நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.


ஊசிக்காது:

2004-க்குப் பிறகு நடந்ததெல்லாம் 2004 படத்தால் நடந்ததா? 2005-ல் சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில்கூடத்தான் வந்தது. அதையும் மோமோகோ கணக்கில் எழுதிவிடுங்கள். அந்த மிசாகோ ஆவோகி படத்தால் மாடல் ஆனாரா, பத்திரிகையால் ஆனாரா? கெரா பத்திரிகை, பைபிள் பத்திரிகை, அவற்றின் பக்கங்களில் வளர்ந்தவர். 2017-ல் கெரா அச்சில் நின்றது, பைபிளும் நின்றது. எல்லோரும் உடம்பில் ஒரு உறுப்பு போன மாதிரி அழுதார்கள். படத்தின் டிவிடி நின்றபோது யார் அழுதார்?


பக்கம்புரட்டி:

ரொக்கோக்கோ ஆசையே 2004-ல் வந்தது அல்ல. ரியோகோ இகெடாவின் 'வெர்சாய் ரோஜா' மங்கா 1972-லேயே வந்துவிட்டது. 1974-ல் டகராசுகா பெண்கள் நாடகக் குழு மேடையேற்றிப் பெரிய வெற்றி. மேரி ஆன்டோனெட், அகலப் பாவாடை, ரிப்பன் எல்லாம் ஜப்பான் பெண்களின் கனவில் நுழைந்தது அங்கேதான். அப்புறம் அதையே பிரெஞ்சு டைரக்டர் ஜாக் டெமி 1979-ல் 'லேடி ஆஸ்கர்' என்று படமாக எடுத்தார். ஆக, படம் என்று பேசினால் அந்தப் படத்தையும் சேர்க்க வேண்டும். ஆனால் இங்கே யாரும் படிப்பதில்லை.


திரைப்பித்தன்:

ஐயா, லேடி ஆஸ்கர் பார்த்துவிட்டு ஜப்பானில் யாரும் கவுன் தைத்துக்கொள்ளவில்லை.


பக்கம்புரட்டி:

உங்களுக்கு எப்படித் தெரியும்?


திரைப்பித்தன்:

உங்களுக்கு எப்படித் தெரியும்?


வாலாட்டி:

சோஃபியா கொப்பலாவின் 'மேரி ஆன்டோனெட்' 2006-ல் வந்ததே, அதில் பலகாரமும் செருப்புமாகத் திரை நிறைந்து வழியும். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பஞ்சாயத்து இன்னும் களைகட்டும்.


ஊசிக்காது:

வாலாட்டி, தீப்பெட்டியோடு வராதீர்கள். சரி, சுருக்கமாக வைக்கிறேன். படத்தின் கடைசிச் சண்டை. உஷிகு புத்தர் சிலைக்கு முன்னால். மோமோகோ சேற்றில் விழுகிறாள். உடை முழுக்கச் சேறு. அப்போதுதான் அவளுக்கு வெறி வருகிறது. தன்னை அடித்தால் பொறுத்துக்கொண்டவள், சிநேகிதியை அடித்தால் தயங்கி நின்றவள், கவுன் பாழானதும் பத்திரகாளி ஆகிறாள். தியேட்டரில் எல்லோரும் சிரிக்கும் இடம். நான் சிரிக்கவில்லை. அந்தப் பின்டக்கில் சேறு ஏறினால் ஒவ்வொரு மடிப்பாக விரித்து அலச வேண்டும், லேஸ் மஞ்சளடித்துவிடும். அவளுக்குத் தெரியும். படத்தின் மிக நல்ல காட்சியையே தூக்கி நிறுத்துவது பேபியின் கவுன்தான். கடன் யாருக்கு?


திரைப்பித்தன்:

அதே காட்சியைத்தான் நானும் சொல்வேன். அந்த உடையில் இருந்துகொண்டு ஒரு பெண் அடிக்கலாம், கத்தலாம், மட்டையைச் சுழற்றலாம் என்று காட்டியது படம். கடையின் விளம்பரத்தில் பொம்மை மாதிரி உட்கார வைத்திருப்பார்கள். பொம்மைக்கு உயிர் கொடுத்தது யார்? நகாஷிமா. அதன் பிறகுதான் "லோலிடா என்றால் சாது" என்ற நினைப்பு உடைந்தது.


கறுப்புரோஜா:

மானா ரசிகைகள் யாரும் அதற்கு முன்னாலும் சாதுவாக இல்லை. கச்சேரி வரிசையில் நின்று பார்த்தால் தெரியும்.


நிஷிகசாய்வாசி:

சின்னத் தகவல் பிழை. அக்கா புத்தர் சிலையைச் சொன்னார்கள். அது உஷிகுவில் இருக்கிறது, சிமோட்சுமாவில் இல்லை. 120 மீட்டர் உயரம். இரண்டும் வேறு வேறு ஊர். நான் நேரில் போயிருக்கிறேன்.


ஊசிக்காது:

உஷிகு புத்தர் என்றுதானே எழுதினேன்? ஊர்ப் பெயர் அதிலேயே இருக்கிறது. ஜப்பான் மொழி தெரிந்தவருக்குத் தமிழ் படிக்க வராதோ?


நிஷிகசாய்வாசி:

படிப்பவர்கள் சிமோட்சுமாவில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள் என்பதற்காகச் சொன்னேன். அதோடு, மோமோகோ போவது போல நீங்களும் போய்ப் பார்க்க விரும்பினால் வழி சொல்கிறேன். சிமோட்சுமாவில் ஜோசோ ரயில் ஏறி மோரியாவில் இறங்கி சுகுபா எக்ஸ்பிரஸில் அகிஹாபாரா, அங்கிருந்து யமனோட்டே ரயிலில் வந்து ஷிபுயாவில் மாறினால் டைகன்யாமா. இதுதான் மோமோகோ போன வழி.


ஊசிக்காது:

மோமோகோ போன வழியா? சுகுபா எக்ஸ்பிரஸ் ஓட ஆரம்பித்தது 2005 ஆகஸ்டில் ஐயா. 2005 என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். படம் 2004. ஓடாத ரயிலில் ஏறினாளா அவள்? டொரிடே வரைக்கும் ஜோசோ, அங்கிருந்து ஜோபான் ரயில், உயெனோ. அதனால்தான் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது அவளுக்கு.


நிஷிகசாய்வாசி:

நான் இன்றைய வழியைச் சொன்னேன்.


ஊசிக்காது:

"மோமோகோ போன வழி" என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே இருக்கிறது.


திரைப்பித்தன்:

பார்த்தீர்களா, வருடத்தை மாற்றிப் போட்டுக் கதை பேசுவது யார் என்று இப்போது தெரிகிறது. நானாவது சரியாக 2004 என்றேன்.


நிஷிகசாய்வாசி:

இங்கே எத்தனை பேர் அந்த ரயிலில் ஏறியிருக்கிறீர்கள்? டைகன்யாமா போகும் டோயோகோ ரயிலின் ஷிபுயா நிலையம் 2013-ல் தரைக்கு அடியில் போய்விட்டது என்பதாவது தெரியுமா?


பக்கம்புரட்டி:

நாவலில் ரயில் பயணம் வேறு மாதிரி விவரிக்கப்பட்டிருக்கலாம். யாராவது படித்தீர்களா?


வாலாட்டி:

உயெனோவில் இறங்கி விசாரித்துச் சொல்கிறேன்.


கறுப்புரோஜா:

மானாவுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன். ரயில் பிடிக்காதவர்கள் அங்கே வரவும். ஊசிக்காது அக்கா வர வேண்டாம்.


ஊசிக்காது:

வருவேன். அங்கேயும் கேட்க வேண்டியது இருக்கிறது. மானாவின் கவுனை யார் தைத்தார்கள்?